நூறு சதவீதம்

பதினோரு வருடம் ரிசார்ட்டுகளுக்கு பிளான் வரைந்தவள் நான்.
வத்தலக்குண்டு இன்ஜினியர் போனில் அளவு சொல்வார்,
சுவர் எழுப்புவேன், ஜன்னல் திறப்பேன்,
செப்டிக் டேங்கை ஏரிக்குத் தெரியாத பக்கம் தள்ளிவைப்பேன்.
அதே மென்பொருள்தான் இது.
புதுக் கோப்பு திறக்கச் சோம்பல்பட்டுப்
பழைய லேயர்களை அப்படியே வைத்துக்கொண்டேன்.
அதனால் இன்றுவரை
என் லேஸின் பூவிதழ்கள் 'கழிவுநீர்' லேயரில்,
வலை 'மின்கம்பி'யில்,
ஓரத்துச் சுருள் 'கைப்பிடிச் சுவ'ரில்.

நாயுடுபுரத்தில் மூன்று மணிக்கு மேல்
எதிர்வீடு இருக்காது.
மேகம் படியேறி வந்து கதவில் நின்றுவிடும்.
கண்ணுக்கு மிஞ்சுவது
திரையில் சாய்த்துப் போட்ட புள்ளிக்கட்டம்:
நாற்பத்தைந்து பாகை, மூன்று மில்லிமீட்டர்.
கோலமா என்று கேட்பவர்களுக்கு
இல்லை என்பேன்.
அங்கே கோடு புள்ளியைச் சுற்றிப் போகும்.
இங்கே புள்ளியில் குண்டூசி நிற்கும்.

முதல் இலையைக் காட்டியபோது
ரெஜினாள் அதன் நுனியில் விரல் வைத்தாள்.
"இந்த அஞ்சு கோடும் இங்க வந்து நிக்குது.
சரி.
அப்புறம் எங்க போகும்?"

கோடு எங்கும் போக வேண்டாம்,
எஸ்கேப்பைத் தட்டினால் நின்றுவிடும்.
நூல் அப்படியில்லை.
ஒரு புள்ளிக்கு இரண்டு ஜோடி வந்தால்
இரண்டு ஜோடி கிளம்பியாக வேண்டும்,
பஸ் ஸ்டாண்டு மாதிரி, என்றாள்.
அன்றிரவு உட்கார்ந்து
ஐந்துக்கும் வழி பார்த்துக் கொடுத்தேன்.
ஒன்றை மட்டும் காம்புக்குள் ஒளித்துக் கூட்டிப்போனேன்.

திண்டுக்கல் மணப்பெண்ணுக்கு ஒரு காலர்.
கழுத்துச் சுற்று நாற்பது சென்டிமீட்டர்,
முப்பத்துநான்கு ஜோடி பாபின்,
மூஞ்சிக்கல்லில் இதயத்துல்லா கடையில் பிரின்ட்.
தாளைத் திண்டில் குத்தி
நாற்பத்தொரு நாள் கட்டைகளை உருட்டினாள்.
அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்,
தகரத்தில் தூறலின் முதல் நிமிடம்.
இரண்டாம் வாரமே சொன்னாள்:
"நூல் தடிப்பா இருக்கு, நெருக்குது."
நான் மதுரைக் கடைக்காரருக்குப் போன் போட்டுத் திட்டினேன்.
பாவம் அவர்.

முடித்து எடுத்துச் சுற்றிப் பார்த்தால்
பிடரியில் கட்டைவிரல் அகலத்துக்கு இடம்.
நூல் குறையவில்லை, ஊசி தவறவில்லை.
கோப்பின் மூலையில் பத்து சென்டிமீட்டர் கோடு ஒன்று இழுத்து
மறுபடி பிரின்ட் எடுத்து
ஸ்கேலை வைத்தேன்.
ஒன்பது புள்ளி நான்கு.
'தாளுக்குப் பொருத்து' என்றொரு சின்னக் கட்டம்,
அதற்குள் யாரோ போட்ட டிக்.
தாளுக்குப் பொருந்திவிட்டது.
கழுத்துக்குத்தான்.

என் விரல்கள் தாமாகக் கன்ட்ரோலையும் இசட்டையும் தேடின,
மேசைமேல், வெறும் மரத்தில்.
ரெஜினாள் திட்டியிருக்கலாம்.
காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"தொண்ணூத்திநாலு சதவீதத்துக்கு
எவளாவது கழுத்து வச்சிருப்பா,
நமக்குத் தெரியல" என்றாள்.
பிறகு, "என் நாப்பத்தொரு நாள் கூலி" என்றாள்.
இரண்டும் ஒரே குரலில்.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.
அந்த இடைவெளியை மட்டும் வரைந்தேன்:
இரண்டு ஓரத்திலும் ஏழேழு துளை,
ஏற்கெனவே இருக்கிற கண்ணிகளில் கோத்து இழுக்க.
பூ வைக்கவில்லை. வெறும் வலை.
அதையும் கழிவுநீரில்தான் போட்டேன்.
கூலியைக் கொடுத்த பிறகு உட்கார்ந்தாள்,
மூன்று நாள்.
படத்தில் அந்த இடத்தை முக்காடு மறைத்திருக்கிறது.
நான் மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்,
வெள்ளைச் சதுரங்களாக உடையும்வரை.

இப்போது என் தாள் ஒவ்வொன்றின் அடியிலும்
அந்தப் பத்து சென்டிமீட்டர் உண்டு.
இதயத்துல்லாவே ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான்
காசு வாங்குகிறான்.
நேற்று எனக்கு முன்னால் நின்றவர்
ரேஷன் கார்டை நீட்டினார்.
"நூறு சதவீதம்தானேங்க?"
அவர் கொஞ்சம் யோசித்தார்.
"நாலு பேருப்பா" என்றார்,
"ஒருத்தன் திருப்பூர்ல."